முன்சீப் வேதநாயகரும் மேல்முறையீட்டு வழியும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற மாத்திரத்தில் தமிழ் பயிலும் நம்மனோர்க்கு நினைவில் எழுவது பிரதாப முதலியார் சரித்திரமே. தமிழில் தோன்றிய முதல் நாவல் என்று பலரும் கொள்ளும் அந்நூல் 1879 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகட்கு முன்னரே அவர் வெளியிட்ட மற்றொரு நூலைப் பரீட்சைக்குப் படிப்பாருமில்லை, பொழுதுபோக்குக்குப் படிப்பாருமில்லை. அது கதையன்று, பாட்டுமன்று, கோர்ட்டுத் தீர்ப்புக்களின் மொழிபெயர்ப்பு. ஆயினும் அவருடைய வாழ்வின் போக்கை அறிய விரும்புவோர் அந்நூலிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நமது கருத்து.

வேதநாயகர் 1826 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகத் தோன்றினார். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆசிரியர் வீட்டில் இலக்கணத்தோடு நியாயஸ்தலத்தின் நடைமுறையும் காதில் விழுந்துகொண்டே யிருந்திருக்கும். பின்னர் அவ்வூர்க் கோர்ட்டிலேயே தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, 1850 இல் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

அக்காலத்து மொழிபெயர்ப்பாளர் வேலை எத்தகையது என்பதை உணர்ந்தாலன்றி வேதநாயகரின் பிற்காலத்து உழைப்பு விளங்காது. சென்னை இராசதானியில் 1802 ஆம் ஆண்டின் சட்டங்களால் ஜில்லாக் கோர்ட்டுக்களும், அவற்றின் மேல் சித்தூர், மசூலிப்பட்டணம், தலைச்சேரி, திருச்சிராப்பள்ளி என்னும் நான்கு பிரிவுகளுக்குரிய மாகாண அப்பீல் கோர்ட்டுக்களும், எல்லாவற்றிற்கும் மேலாகச் சென்னையில் ஸதர் அதாலத்தும் நிறுவப்பட்டன. 1816 முதல் சிறு வழக்குகளை ஜில்லா முன்சீபுகள் விசாரித்தனர். மாகாணக் கோர்ட்டுக்கள் 1843 இல் எடுபட்டன. பட்டணத்தின் எல்லைக்குள் மட்டும் அரசரின் பெயரால் சுப்ரீம் கோர்ட்டு ஒன்று தனியே நடந்தது. ஓர் உழவன் தன் காணியைக் குறித்து முன்சீபிடம் தோற்றால் ஜில்லா ஜட்ஜியிடம் அப்பீல் செய்யலாம். அங்கே நடந்த செய்தியும் சட்டமும் இரண்டுமே மீண்டும் ஆராயப்படும். அங்கும் தோற்றால், ஸதர் கோர்ட்டுக்கு விசேஷ அப்பீல் என்று ஒன்று உண்டு. 1859 ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி அவ்விசேஷ அப்பீலில் நிலம் யாருடையது, சாட்சி சொன்னவன் மெய்யனா பொய்யனா என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. தீர்ப்பு சட்டத்திற்கோ சட்டம்போல் வழங்கும் வழக்கத்திற்கோ மாறுபட்டதா, விசாரித்த முறையில் பெரும்பிழை உண்டா என்பனவே கேட்கப்படும்.

இதிலே கவனிக்கத்தக்க தொன்றுண்டு. சாட்சியின் முகத்தைக் கண்டவர் முன்சீப் ஒருவரே. அவன் தயங்கியதும், வியர்த்ததும், எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்துப் பார்த்துப் பேசியதும் மேல்மன்றத்தார் கண்ணுக்கு எட்டுவதில்லை. மேலே செல்வது காகிதக் கட்டு. அக்கட்டும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். மேலே அமர்ந்திருப்பவரோ ஆங்கிலேயர். ஆகவே ஏழையொருவனது காணி நிலைப்பதும் நீங்குவதும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் எப்படிப் பெயர்த்தார் என்பதிலே தொங்கி நின்ற காலங்கள் உண்டு. ஒற்றி என்பதற்கும் கிரயம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாத ஒருவர் அவ்விடத்தில் இருந்திருப்பின் என்னவாகும்! வேதநாயகர் அப்பணியைப் பல ஆண்டுகள் செய்தார்.

1857 ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீபாக நியமிக்கப் பெற்றார். அவ்வூர் டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்து அப்பொழுது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர்ச் சீகாழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் அப்பதவியில் இருந்தார். இதுகாறும் பிறர் தீர்ப்பைப் பெயர்த்தெழுதியவர் இப்பொழுது தாமே தீர்ப்பெழுதுபவரானார். அத்தீர்ப்புக்கள் அப்பீலில் ஜில்லா ஜட்ஜியின் மேசைக்குச் செல்லலாயின. முன்சீபின் நிலை எளிதன்று. மேல்மன்றம் இன்ன பொருளைப்பற்றி இன்னவாறு முடிவு செய்துள்ளது என்பதை அறிந்து அதன்படி ஒழுகினாலன்றி அவர் தீர்ப்பு நில்லாது. அம்முடிவுகளோ ஆங்கிலத்தில் அச்சாகிக் கிடந்தன. ஆங்கிலம் அறியாத வக்கீல்கள் அக்காலத்து வெளியூர்க் கோர்ட்டுக்களில் பலர். கட்சிக்காரரைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. மேலே சென்றால் தோற்பது உறுதி என்பதை அறியாமல் தாலியை விற்று அப்பீல் செலவு கட்டுபவனையும், மேலே சென்றால் வெல்லத்தக்க வழக்கைக் கீழேயே கைவிட்டு நிலத்தை இழப்பவனையும் முன்சீபாயிருப்பவர் கண்டிராமல் இருக்க முடியாது.

இக்குறையை நீக்கவே வேதநாயகர் 1805 முதல் 1861 வரை ஸதர் கோர்ட்டார் செய்த தீர்ப்புக்களைத் தொகுத்துத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862 இல் வெளியிட்டார். ஐம்பத்தாறு ஆண்டுகளின் தீர்ப்புக்களைப் பகற்பொழுதெல்லாம் வழக்குக் கேட்டுவிட்டு ஒருவரே தமிழ்ப்படுத்துவ தென்பதை எண்ணிப் பார்க்க. இரண்டு பக்கம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் முணுமுணுக்கும் நமக்கு அது மலைப்பையே தருகிறது.

அதே ஆண்டில்தான் ஸதர் கோர்ட்டு மறைந்தது. 1861 ஆம் ஆண்டின் ஹைக்கோர்ட்டுச் சட்டத்தின்படி ஸதர் கோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாக்கப்பட்டு, 1862 ஆகஸ்டு 15 ஆம் நாள் சென்னை ஹைக்கோர்ட்டு நடைபெறத் தொடங்கிற்று. வேதநாயகரின் உழைப்பு வீணாயிற்றோ என்று கேட்கலாம். வீணாகவில்லை. மன்றத்தின் பெயர் மாறினும் பழைய மன்றம் கொண்ட முடிவுகள் புதிய மன்றத்திலும் எடுத்துக் காட்டப்பட்டன. ஒற்றியும் தத்தும் பாகப்பிரிவினையும் ஒரு நாளில் மாறிவிடுவன அல்லவே.

ஹைக்கோர்ட்டுக்கும் மேலே சீமையில் பிரிவி கௌன்சில் இருந்தது. 1838 முதல் பதினாயிரம் ரூபாய்க்குக் குறையாத பொருளைப்பற்றிய வழக்கே பொதுவாக அங்குச் செல்லும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆதலின் அது சமீன்தார்களுக்குரிய வாயிலேயன்றிக் குடியானவனுக்குரியதன்று. வேதநாயகர் காலத்தில் யாவரும் பேசிய வழக்கு சிவகங்கைச் சமீன் வழக்கு. 1829 இல் கௌரி வல்லபத் தேவர் ஆண்மகவின்றி இறந்தார். அவர்தம் உடன்பிறந்தான் வழியினர்க்கும் அவருடைய பெண்மக்கள் வழியினர்க்கும் மூண்ட வழக்கு மன்றம் மன்றமாக ஏறி, 1863 இல் பிரிவி கௌன்சிலில் அவர் மகளார் காத்தம நாச்சியார் பக்கமாக முடிந்தது. சமீன் கௌரி வல்லபர் தாமே பெற்ற சொத்து என்பதே முடிவுக்குக் காரணம். முப்பத்துநான்கு ஆண்டுகள்! ஒரு தலைமுறை வழக்கிலேயே பிறந்து வழக்கிலேயே முதிர்ந்தது. மேல்முறையீடு என்னும் வழி இல்லாதிருந்தால் நாச்சியார்க்கு நீதி கிடைத்திராது என்பதும் மெய்; அவ்வழி எத்துணை நெடிது என்பதும் மெய். இவ்விரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது என்பதில் நாம் இன்னும் ஒரு துணிவுக்கு வரவில்லை.

வேதநாயகரின் பிற செயல்கள் பலரும் அறிந்தவை. 1859 இல் இயற்றிய நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைக் கடிந்தார். 1869 இல் பெண்மதிமாலை வெளியிட்டார். பெண் கல்விக்கு உழைத்தார். 1872 இல் உத்தியோகத்தை விட்டபின் மாயூரம் முனிசிபாலிட்டிக்குத் தலைவராயிருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக்கோவை பாடினார். 1876 ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் வறியோர்க்கு உதவினார். 1889 ஜூலை 21 ஆம் நாள் காலமானார்.

ஆனால் முன்சீப் வேதநாயகர் நாவலாசிரியர் வேதநாயகருக்குள் மறைந்து போகவில்லை. பிரதாப முதலியார் சரித்திரத்தில் வழக்கும் வக்கீலும் வருமிடங்களில், தமிழ்நாட்டுக் கோர்ட்டுக்களில் தமிழறிந்த கட்சிக்காரர் முன் ஆங்கிலத்தில் வாதிப்பதை அவர் நகைத்தும் கடிந்தும் எழுதியிருக்கிறார். கதை நடுவே இதென்ன பிரசங்கம் என்று விமரிசகர் சிலர் சலித்துக்கொள்வர். சித்தாந்த சங்கிரகத்தை நினைவிற் கொண்டு படிப்பார்க்கு அச்சலிப்பு உண்டாகாது.

வேதநாயகர் அறிந்த ஏணியின் படிகள் சில மாறிவிட்டன. பிரிவி கௌன்சிலுக்கு இந்திய வழக்குகள் செல்வது 1949 இல் நின்றது. 1950 முதல் டில்லியிலுள்ள உச்சநீதிமன்றமே மேலெல்லை. விசேஷ அப்பீல் இரண்டாம் மேல்முறையீடு என்னும் பெயரோடு நிற்கிறது. 1976 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, கனமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாலன்றி உயர்நீதிமன்றம் அதை ஏற்பதில்லை. கீழ்மன்றங்களின் மொழி தமிழ் என்று அதே 1976 இல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்து வருகிறது. ஆகையால் மயிலாடுதுறையில் தமிழில் சொல்லப்படும் சாட்சியம் மேல்முறையீட்டில் சென்னைக்குச் செல்லும்போது, அதை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுத ஒருவர் இன்றும் வேண்டியிருக்கிறது.