கொசுவின் வயிற்றில் ஒரு விடை: மருத்துவர் ரொனால்டு ராஸ்



வலங்கைமான் என்றதும் நம் பகுதி மக்களுக்குப் பங்குனி மாதத்துப் பாடைக்காவடி நினைவுக்கு வரும். கொடிய நோயிலிருந்து பிழைத்தெழுந்தவர்கள் பாடையில் படுத்து, இறந்தவரைப்போலவே தூக்கிச் செல்லப்பட்டு, மாரியம்மன் கோவிலில் தங்கள் நேர்ச்சையைச் செலுத்துவார்கள். நம் இந்து சகோதரர்களின் இந்த வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், காய்ச்சல் என்ற சொல்லுக்கு நம் முன்னோர் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது அவ்வூருக்கு அருகே உறவினர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கினேன். குடமுருட்டியில் தண்ணீர் நிறைந்து ஓடியது. தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் அவ்வீட்டுப் பையன், மடித்த அட்டைபோல் இருந்த ஒரு பொருளைக் கொண்டுவந்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஓர் உடல், பக்கங்களில் முடிக்கற்றைகள், உள்ளே அசையும் குடல்! கொல்லைப்புறத் தொட்டியில் அவன் அள்ளிய கொசுப்புழுதான் அது.

அந்த அட்டை ஒரு நுண்ணோக்கி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நம் நாட்டவரான மனு பிரகாஷ் என்ற அறிவியலாளரும் அவரது குழுவினரும் உருவாக்கி, 2014இல் உலகுக்கு அறிமுகம் செய்தது. காகிதத்தை மடித்துச் செய்வது. நடுவில் கடுகுமணி போன்ற சிறு வில்லை. பொருள்களை ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாகக் காட்டும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வயலுக்கும் குளத்துக்கும் போகலாம். அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு, நூற்றாண்டுக்கு முன் பையில் ஒரு சிறிய நுண்ணோக்கியோடு இந்நாட்டில் அலைந்த ஒருவரின் நினைவு வந்தது. அவர்தான் ரொனால்டு ராஸ்.

ராஸ், 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, இமயமலை அடுக்கிலுள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்களின் எழுச்சி வெடித்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேயப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியராகவோ எழுத்தாளராகவோ வரவே அவருக்கு ஆசை. தந்தையோ மருத்துவம் படிக்கச் சொல்லிவிட்டார். விருப்பமில்லாத படிப்பு, அதனால் தேர்வுகளிலும் பெரிதாக ஒளிரவில்லை. நம் வீடுகளிலும் நடப்பதுதானே! 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகள் கவிதை, நாவல், கணிதம் என்றே அவருக்கு ஓடின.

1883இல் பெங்களூரில் பணியாற்றியபோது, தம் வீட்டில் மட்டும் கொசுத் தொல்லை அதிகமாக இருப்பதைக் கவனித்தார். தேடிப் பார்த்தால், சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படியே செய்யலாமே என்று மேலதிகாரியிடம் கேட்டபோது, இயற்கையில் கொசுவுக்கும் ஏதோ நோக்கம் இருக்கும், விட்டுவிடும் என்ற பொருளில் பதில் வந்ததாம்.

அக்காலத்தில் மலேரியா எப்படிப் பரவுகிறது என்பது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து வந்ததே அப்பெயர். மருந்து மட்டும் இருந்தது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் ரோமைக்குக் கொண்டுவந்த சின்கோனா மரப்பட்டைதான் அது. இயேசு சபையினரின் பட்டை என்றே அதற்குப் பெயர். கர்தினால் ஹுவான் தே லூகோ அதை ரோமையின் ஏழை நோயாளிகளுக்கு வழங்கச் செய்தார். கொயினா மருந்து அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே. ஆக, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மருந்து கையில் இருந்தும் நோயின் வழி தெரியவில்லை.

1880இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரான், அல்ஜீரியாவில், நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். ராஸ் முதலில் அதை நம்பவில்லை. 1894இல் விடுமுறையில் லண்டன் சென்றபோது பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் அதைக் கண்முன்னே காட்டினார். இந்த மேன்சன்தான், சீனாவில் இருந்தபோது, யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டறிந்தவர். கும்பகோணம் பகுதிப் பெரியவர்களுக்கு யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்கிருக்கும் என்று மேன்சன் ஊகித்தார். அந்த ஊகத்தைச் சுமந்துகொண்டு 1895இல் ராஸ் இந்தியா திரும்பினார். பயணத்தில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய நுண்ணோக்கி ஒன்றைத் தாமே வடிவமைத்து, லண்டனில் செய்வித்துக்கொண்டார். அரசு இந்த ஆய்வுக்குப் பணம் தரவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் தோல்விதான். செகந்தராபாத்தில் நோயாளிகளைக் கொசுக்களைக்கொண்டு கடிக்கவிட்டு, பின் அக்கொசுக்களை ஊசிமுனையால் பிரித்துத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் இன்று நமக்குத் தெரியும்: அவர் தேடியது தவறான இனக் கொசுக்களில். கொசுவில் பல இனங்கள் உண்டு என்பதைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர அருகில் எவரும் இல்லை. கொசு தண்ணீரில் விழுந்து இறக்கும், அந்த நீரைக் குடிப்பவருக்கு நோய் வரும் என்ற மேன்சனின் தவறான எண்ணமும் அவரை அலைக்கழித்தது. அதைச் சோதிக்க, கூலி கொடுத்து மனிதர்களுக்கு அந்த நீரைக் குடிக்கத் தந்தார். இன்று எந்த மருத்துவ ஒழுங்கும் இதை ஏற்காது. நாமும் இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது.

1897ஆம் ஆண்டு கோடையில் உதகமண்டலம் வந்தார். காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் மலைச்சரிவில் ஆய்வு செய்ய இறங்கியவரை மலேரியாவே பிடித்துக்கொண்டது. கொயினா அவரைக் காப்பாற்றியது. 1860களிலிருந்து சின்கோனா தோட்டங்கள் பயிரிடப்பட்டிருந்த அதே நீலகிரி மலைதான்.

பின் மீண்டும் செகந்தராபாத். ஆகஸ்ட் மாதப் புழுக்கம். மருத்துவமனை அறையில் பங்கா இழுக்க முடியாது. காற்றடித்தால் பிரித்துவைத்த கொசு பறந்துவிடும். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த ஒரே கண்வில்லையும் விரிசல் விட்டிருந்தது. அப்போது பணியாள் ஒருவர் கொண்டுவந்த புழுக்களிலிருந்து, சிறகில் புள்ளிகளுள்ள பழுப்புநிறக் கொசுக்கள் வெளிவந்தன. இன்று அனாபிலஸ் என்று நாம் அழைக்கும் இனம். ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி அவற்றுக்குத் தம் உடலைக் கொடுத்தார். ஒரு கடிக்கு ஓர் அணா. பத்துக் கொசுக்கள், பத்து அணா. பாடநூல்களில் ராஸின் படம் உண்டு. ஹுசைன் கானின் பெயரையாவது நாம் தெரிந்துகொள்வோமே!

அந்தக் கொசுக்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஆகஸ்ட் 20ஆம் தேதி இரண்டுதான் மீதி. அன்று ஒன்றைப் பிரித்து, களைத்த கண்களோடு வயிற்றுச் சுவரை அணு அணுவாகப் பார்த்துவந்தவருக்கு, அதுவரை எந்தக் கொசுவிலும் காணாத வட்டமான உயிரணுக்கள் தென்பட்டன. அவற்றுள் கருநிறத் துகள்கள், மலேரியா ஒட்டுண்ணியில் காணப்படும் அதே துகள்கள்! மறுநாள் கடைசிக் கொசுவையும் பிரித்தார். அதில் அந்த உயிரணுக்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. அதாவது, உள்ளே ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. இறைவனின் இரக்கத்துக்கு நன்றி சொல்லும் கவிதை ஒன்றை அவர் அப்போது எழுதினார்.

வேலை பாதிதான் முடிந்தது. அதற்குள் மலேரியா நோயாளிகளே அதிகம் இல்லாத ராஜபுதனத்து கெர்வாராவுக்கு மாற்றல் வந்துவிட்டது. 1898இல் கல்கத்தா சென்றபோது, பிளேக் பீதியால் மக்கள் ஊசி என்றாலே ஓடினர். இரத்தம் தர எவரும் முன்வரவில்லை. எனவே பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். உதவியாளர் முகமது பக்ஸின் துணையோடு, அவ்வாண்டு ஜூலை மாதம், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். நோயுற்ற பறவையைக் கடித்த கொசுக்களை நோயற்ற சிட்டுக்குருவிகளைக் கடிக்கவிட்டபோது அவற்றுக்கும் நோய் வந்தது. காற்றாலோ குடிநீராலோ அல்ல, கடியால்தான்! மனிதரின் மலேரியாவிலும் அனாபிலஸின் முழுச் சுழற்சியை, அதே ஆண்டின் இறுதியில், இத்தாலியில் கிராசியும் தோழர்களும் காட்டினர்.

கும்பகோணம் மறைமாவட்டம் உருவான அதே 1899ஆம் ஆண்டில் ராஸ் இந்தியப் பணியை விட்டுச் சென்றார். 1902இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் யார் முதலில் கண்டது என்று கிராசியோடு போட்ட சண்டை ஓயவே இல்லை. எளிதில் பழகக்கூடிய மனிதர் அல்லர் அவர். தமக்கு உரியது கிடைக்கவில்லை என்ற மனத்தாங்கல் கடைசிவரை இருந்தது. முதுமையில் பண நெருக்கடியால் தம் ஆய்வுத்தாள்களையும் விற்றார். எனினும் அவரது பிற்காலப் பணி ஒன்றை மறக்கக்கூடாது. எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக மங்கும் என்று கணிதத்தால் காட்டினார். அவரது கணித ஆர்வம் இப்படிப் பயன்பட்டது. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் காலமானார். மலேரியா இன்னும் ஒழியவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் அதனால் இறந்தனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

அவர் கண்டறிந்தது நம் காவிரி மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பகுதி புதிதாகப் பாசனம் பெற்றபோது, தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரசலும், ராமச்சந்திர ராவும் அங்கே தங்கி வயல் வயலாகக் கொசுப்புழுக்களை ஆராய்ந்தனர். அங்கு நோயைப் பரப்பிய அனாபிலஸ், தண்ணீருக்குச் சற்று மேலே பறந்தபடியே முட்டையிடும். அதனால் நடவு முடிந்த புதிதில், நாற்றுகளுக்கிடையே நீர் திறந்து கிடக்கும் வயல்களில்தான் அதன் புழுக்கள் மிகுதி. பயிர் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்துவிட்டால் அந்தக் கொசு அங்கே முட்டையிட முடியாது என்று அவர்கள் கண்டனர்.

இதை வலங்கைமான் பையனிடம் சொன்னேன். அனாபிலஸ் புழு நீர்மட்டத்தில் படுத்தாற்போல் கிடக்கும், மற்றவை தலைகீழாகத் தொங்கும் என்பதையும் சொன்னேன். தொட்டியை எட்டிப் பார்த்தான். எல்லாம் தலைகீழாகத்தான் தொங்கின. அவன் அம்மா, முதலில் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு மற்றதைப் பேசச் சொன்னார். கழுவினான். மறுநாள் விடியற்காலை, புதிதாக நட்ட வயலில் தண்ணீர் அள்ளிவர அடுப்படியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தான்.