ஜி.டி. நாயுடு: பிரித்துப் பார்த்தே இன்ஜினியர் ஆனவர்



பாகூர் வயல்பக்கம் போனால் பம்புசெட்டுகளில் கோயம்புத்தூர் கம்பெனிகளின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை பெயர் வாங்கியதில் ஜி.டி. நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வீட்டில் தொழிற்பேட்டைக்குப் போய்வரும் டிசைன் இன்ஜினியர் இருக்கலாம். மெக்கானிக்கல் எடுக்கலாமா என்று குழம்பும் பிள்ளையும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இவர் கதை உதவும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கலில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்கவே கோவையில் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அவருடைய கல்லூரி அதுதான்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார். முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள்.

டிசைன் வேலையில் இருப்பவர்கள் அவருடைய ‘ரேசன்ட்’ சவர மிஷினைக் கவனியுங்கள். உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் கைக்குள் அடங்க வேண்டும். சூடாகக் கூடாது, அதிரக் கூடாது. இடம், எடை, விலை மூன்றையும் ஒன்றாக வைத்து யோசித்தால்தான் அப்படி ஒரு பொருள் வரும். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவை பல. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார்.

எல்லாமே கைகூடவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். அரசு உரிமம் தராததால் உற்பத்திக்கு வரவில்லை. நல்ல டிசைன் மட்டும் இருந்தால் பொருள் சந்தைக்கு வந்துவிடாது என்பது இன்றைக்கு இந்த வேலையில் இருக்கும் உங்களுக்கும் தெரியும்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க உதவி, அதன் முதல்வராகவும் இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். நான்கு வருடப் படிப்பு நீளம், பட்டறைப் பயிற்சியோடு இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார்.

படிப்பு எத்தனை வருடம் என்பதில் நீங்கள் அவரோடு ஒத்துப்போக வேண்டாம். இன்றைய மிஷின்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டர் வரைபடமும் கட்டாயம் வேண்டும். ஆனால், திரையில் வரையும் போல்ட்டை இறுக்க ஸ்பேனர் உள்ளே நுழையுமா என்பது, ஒருமுறையாவது கையால் இறுக்கிப் பார்த்தவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய மிக்ஸியைக் காயலான் கடைக்குப் போடும் முன், பிளக் ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். திரும்பப் பூட்டும்போது இரண்டு ஸ்க்ரூ மிஞ்சினால் திட்ட வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று அவர்களே தேடட்டும்.