டிராசன் பெட்ரோவிச்: மூன்று நாடுகளில் ஒரு கூடைப்பந்து வாழ்க்கை

கூடைப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்கும் ஐவருள் ஒருவருக்குப் பந்தைக் கொண்டுசெல்லும் பொறுப்பு உரியது. எதிரணியின் மறிப்பைக் கடந்து பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, தம்மவருள் எவர் எங்கு நிற்கிறார், எவர் கைக்கு எப்போது பந்து சென்றால் புள்ளியாகும் என்பதை நொடிப்பொழுதில் முடிவுசெய்பவர் அவரே. ஆட்டக்காரர் வழக்கில் அவருக்குப் பாயிண்ட் கார்டு என்று பெயர். நாடகத்தில் சூத்திரதாரிக்குள்ள இடம் இவ்விளையாட்டில் அவருக்கு உண்டு எனலாம். அவ்விடத்தில் நின்று ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று, அங்கே களத்துக்கு வெளியே இருக்கையில் அமர்த்தப்பட்டவர். இறுதியில் வேறோர் இடத்துக்குரிய ஆட்டத்தைப் புதிதாய்க் கற்று மேலெழுந்தவர் டிராசன் பெட்ரோவிச். அவர் வாழ்ந்தது 28 ஆண்டுகளே.

ஏட்ரியாட்டிக் கடற்கரையில் குரோவேசியாவைச் சேர்ந்த ஷிபெனிக் என்னும் சிறு துறைமுக நகரில் 1964 அக்டோபர் 22 அன்று அவர் பிறந்தார். அந்நாளில் குரோவேசியா தனி நாடன்று. யூகோஸ்லாவியக் கூட்டரசின் ஓர் உறுப்பு. தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். தாயார் பிசெர்க்கா நூலகர். தமையனார் அலெக்சாந்தர் முதலில் இவ்விளையாட்டில் இறங்க, அவரைப் பின்தொடர்ந்து இளையவரும் பந்தைக் கையில் எடுத்தார். பள்ளிக்குச் செல்லுமுன் விடியற்காலையில் ஆட்டக்கூடத்தைத் திறந்துகொண்டு தனியே ஐந்நூறு முறை வளையத்தை நோக்கிப் பந்தெறிவார் என்பர். பிறவியிலேயே வாய்த்த வேகமோ, உயரத் தாவும் ஆற்றலோ அவரிடம் மிகுதியாக இல்லை. 196 சென்டிமீட்டர் உயரம் இவ்வாட்டத்தில் பெரிதாகப் பேசப்படுவதும் அன்று. அவருக்கு வாய்த்தவையெல்லாம் அந்த விடியற்காலைகள் தந்தவையே.

பதினைந்து வயதிலேயே ஊர்க் கழகமாகிய ஷிபெங்காவின் முதல் அணியில் இடம்பெற்றார். அவ்வணி 1982, 1983 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோராச் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, பிரான்சின் லிமோஜ் கழகத்திடம் தோற்றது. 1983ஆம் ஆண்டு யூகோஸ்லாவிய வாகையர் போட்டியின் இறுதியில் சரயேவோவின் போஸ்னா கழகத்தை எதிர்த்து ஷிபெங்கா ஆடியது. கடைசி நொடியில் கிடைத்த இரு தனி எறிகளையும் பெட்ரோவிச் வளையத்தில் சேர்க்க, ஷிபெங்கா வென்றது. ஊரே விழாக்கோலம் பூண்டது. மறுநாளே, நடுவரின் பிழையைக் காரணங்காட்டிச் சம்மேளனம் அவ்வெற்றியைச் செல்லாததாக்கியது. மீண்டும் ஆடுமாறு ஆணையிட்டது. ஷிபெங்கா மறுத்தது, பட்டம் போஸ்னாவுக்குச் சென்றது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர்க்கு இத்தகைய ஏமாற்றம் எளிதில் ஆறுவதன்று.

ஓராண்டு இராணுவப் பணியை முடித்தபின் 1984இல் தலைநகர் ஸாக்ரெப்பின் சிபோனா கழகத்தில் சேர்ந்தார். அங்கே தமையனாரும் உடன் ஆடினார். 1985இல் ஏதென்சு நகரில் நடந்த ஐரோப்பிய வாகையர் கோப்பை இறுதியாட்டத்தில், ஸ்பெயினின் பெருங்கழகமாகிய ரியல் மாட்ரிட்டைச் சிபோனா 87-78 எனத் தோற்கடித்தது. அவற்றுள் 36 புள்ளிகள் பெட்ரோவிச்சுடையவை. மறு ஆண்டு புடாபெஸ்டில் லித்துவேனியாவின் ஷல்கிரிஸ் அணியை வென்று அக்கோப்பையைச் சிபோனா தக்கவைத்துக்கொண்டது. அக்காலத்தில் உள்நாட்டுப் போட்டி ஒன்றில் அவர் தனியொருவராக 112 புள்ளிகள் எடுத்த செய்தியைப் பலரும் இன்றளவும் வியந்து கூறுவர். அன்று எதிரணி களமிறக்கியது இளையோர் குழுவையே என்பதனை உடன்கூறுதல் நேர்மை. அவருடைய ஆற்றலை அளக்க ஏதென்சின் 36 புள்ளிகளே தக்க அளவுகோல்.

ஒரு குறையையும் மறைத்தற்கில்லை. அந்நாளைய பெட்ரோவிச் எதிரணியினரைக் களத்திலேயே எள்ளி நகையாடுவார். புள்ளி எடுத்தபின் கைகளை விரித்துக்கொண்டு ஓடி அவையோரைச் சினமூட்டுவார். ரியல் மாட்ரிட் ஆதரவாளர்கள் அவரை வெறுத்த அளவுக்கு வேறெவரையும் வெறுத்திருப்பரோ என்பது ஐயமே. விந்தை யாதெனில், 1988இல் அவர் சேர்ந்தது அதே ரியல் மாட்ரிட் கழகத்தில்தான்! ஒரே பருவத்தில் அவ்வெறுப்பு ஆரவாரமாய் மாறிற்று. 1989 மார்ச்சில் மீண்டும் ஏதென்சு நகரிலேயே கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. இத்தாலியின் கசெர்த்தா அணியைக் கூடுதல் நேரத்தில் 117-113 என ரியல் வென்றபோது பெட்ரோவிச் எடுத்த புள்ளிகள் 62.

அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டியில் ஆடும் போர்ட்லாண்ட் அணி 1986ஆம் ஆண்டுத் தேர்விலேயே அறுபதாவது பெயராக அவரைக் குறித்துவைத்திருந்தது. மாட்ரிட்டுடன் செய்த ஒப்பந்தம் முடியுமுன்னரே, வழக்கு வம்புகளுக்கிடையே, 1989இல் அவர் அங்குச் சென்றார். அந்த ஆண்டு ஐரோப்பாவிலிருந்து சென்றவருள் சக யூகோஸ்லாவியர் விளாடே திவாத்சும், லித்துவேனியரான மார்சியூலியோனிசும் குறிக்கத்தக்கவர்கள். ஐரோப்பியர்க்குத் தற்காப்பு ஆட்டம் கைவராது, உடல்மோதலைத் தாங்கார் என்பது அந்நாளில் அமெரிக்கப் பயிற்றுநரிடையே வேரூன்றிய எண்ணம்.

அங்கே ஆட்டமும் வேறு. அனைத்துலக விதிப்படி அப்போது ஆட்டம் 40 நிமிடம், அமெரிக்காவில் 48. மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து அனைத்துலகக் களத்தில் 6.25 மீட்டர் தொலைவில் இருந்தது. அமெரிக்கக் களத்தின் நடுப்பகுதியிலோ 7.24 மீட்டர். ஏறத்தாழ ஒரு மீட்டர் பின்வாங்கி நின்று, தம்மினும் விரைவான காவலர் ஒருவர் கைநீட்டி மறிக்கும்போது எறிய வேண்டும். மேலும், போர்ட்லாண்டில் பந்தைக் கொண்டுசெல்லும் இடம் டெர்ரி போர்ட்டருக்கு உரியது. அடுத்த காவலர் இடம் கிளைடு டிரெக்ஸ்லருக்கு. இருவரும் அந்நாளைய முதல்தர வீரர்கள். ஐரோப்பாவில் பந்து எப்போதும் எவர் கையில் இருந்ததோ அவருக்கு, முதற்பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை நிமிடமே வாய்த்தது. அவ்வணி 1990இல் இறுதித்தொடர் வரை சென்று டெட்ராய்ட்டிடம் தோற்றது. அடுத்த பருவத்தில் டேனி எய்ஞ் என்னும் அனுபவசாலியும் வந்துசேர, பெட்ரோவிச்சின் பங்கு ஏழு நிமிட அளவுக்குச் சுருங்கிற்று. தாயகத்துத் தொலைக்காட்சிகளில் அவரைக் காணக் காத்திருந்தோர் கண்டது, இருக்கையில் துண்டுடன் அமர்ந்திருந்த பெட்ரோவிச்சையே. நாடு திரும்பியிருந்தால் அன்றே அரசனாய் வாழ்ந்திருக்கலாம். அவர் திரும்பவில்லை, தம்மை வேறோர் அணிக்கு மாற்றுமாறு வற்புறுத்தினார்.

1991 சனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அது அந்நாளில் நலிந்த அணி. ஆதலின் அங்கே இடம் இருந்தது. அடுத்த கோடையில் எடைப்பயிற்சியால் உடலை உரமேற்றிக்கொண்டார். பந்தைக் கொண்டுசெல்லும் பணியைப் பிறரிடம் விட்டுவிட்டு, பந்தில்லாமலே ஓடி, மறைப்புகளைச் சுற்றி வந்து, கைக்கு வந்த கணமே எறியும் காவலராகத் தம்மை மாற்றிக்கொண்டார். சூத்திரதாரியாய் இருந்தவர் பிறர் இயக்கத்தில் ஆடக் கற்றுக்கொள்வது சிறு செயலன்று. அவர் வாழ்வில் மிக உயர்ந்த சாதனை இதுவே என்பது என் கருத்து; கோப்பைகளெல்லாம் இதற்குப் பிற்பட்டவையே. 1991-92 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடி, ஆட்டத்துக்கு 20.6 புள்ளிகள் எடுத்தார். ஆறாண்டு இடைவெளிக்குப் பின் நெட்ஸ் அணி தகுதிச்சுற்றைக் கடந்தது. அடுத்த பருவத்தில் 22.3 புள்ளிகள், மூன்று புள்ளி எறிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வளையத்தைச் சேர்ந்தன. அவ்வாண்டின் சிறந்த வீரர்களுக்கான மூன்றாம் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆயினும் அனைத்து விண்மீன்கள் ஆட்டத்துக்கு அவர் அழைக்கப்பெறவில்லை. அப்புறக்கணிப்பு அவர் நெஞ்சில் தைத்தது. ஒப்பந்தம் முடிவுற்ற நிலையில், ஐரோப்பாவுக்கே திரும்பிவிடலாமா என்றும் எண்ணத் தலைப்பட்டார்.

இதற்கிடையே தாயகம் பிளந்துகொண்டிருந்தது. குரோவேசியரும் செர்பியரும் சுலோவேனியரும் கூடி ஆடிய யூகோஸ்லாவிய அணி 1989இல் ஐரோப்பிய வாகையையும் 1990இல் அர்ஜென்டினாவில் உலக வாகையையும் சூடியது. அவ்வணியில் பெட்ரோவிச்சும் செர்பியரான திவாத்சும் ஒரே அறையில் தங்கிய உற்ற நண்பர்கள். அமெரிக்காவில் முதலாண்டின் தனிமையைத் தொலைபேசியில் பேசிப்பேசியே இருவரும் கடந்தனர். பியூனஸ் அயர்சில் உலக வாகை கிட்டிய மகிழ்ச்சியில் அனைவரும் திளைத்தபோது, ஒருவர் குரோவேசியக் கொடியுடன் களத்துள் நுழைந்தார். இது நாடு முழுமைக்கும் உரிய வெற்றி என்று கருதிய திவாத்ஸ் அக்கொடியைப் பறித்து எறிந்தார். அரசியல் கொதித்துக்கொண்டிருந்த வேளை அது. பெட்ரோவிச் விலகினார், பின்னர் போர் மூண்டது, நட்பு மீளவில்லை. இவ்விருவருள் எவர்மீது பிழை என்று தீர்ப்புரைக்க இக்கட்டுரை முற்படவில்லை. அந்நாளில் யூகோஸ்லாவியாவில் எத்தனையோ வீடுகளில் இதுவே நிகழ்ந்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் புதிய நாடாகிய குரோவேசியாவின் அணியை அவர் வழிநடத்தினார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றது மைக்கேல் ஜோர்டான், மாஜிக் ஜான்சன் முதலியோர் அடங்கிய அமெரிக்க அணி. முதற்பாதியில் குரோவேசியா 25-23 எனச் சிறிது நேரம் முன்னணியிலும் நின்றது! முடிவில் 117-85 எனத் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. பெட்ரோவிச் 24 புள்ளிகள் எடுத்தார்.

1993 சூனில் ஐரோப்பிய வாகையர் போட்டிக்கான தகுதியாட்டங்கள் போலந்தின் விரோத்ஸ்வாவ் நகரில் நடந்தன. முடிந்து திரும்புகையில் அணியினர் பிராங்க்பர்ட் வழியாக வானூர்தியில் ஸாக்ரெப் சென்றனர். பெட்ரோவிச் மட்டும் பிராங்க்பர்ட்டில் பிரிந்து, நண்பர்களுடன் காரில் புறப்பட்டார். சூன் 7 மாலை, பவேரியாவில் டெங்கென்டோர்ப் அருகே, மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் குறுக்கே நின்றுவிட்ட சரக்குந்து ஒன்றின்மீது அக்கார் மோதியது. முன்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அவர் இருக்கைப்பட்டை அணிந்திருக்கவில்லை. அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது.

அடுத்த சில வாரங்களில் அதே பவேரியாவின் தலைநகராகிய மூனிச்சில் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக்கட்டம் நடைபெற்றது. அவரின்றி ஆடிய குரோவேசியா வெண்கலம் வென்றது. நவம்பரில் நெட்ஸ் கழகம் அவர் அணிந்த 3ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என ஓய்வளித்தது. சிபோனாவின் ஆட்டக்கூடம் அவர் பெயர் பெற்றது. லோசானின் ஒலிம்பிக் அருங்காட்சியகத்தின்முன் அவருடைய சிலை நிறுவப்பெற்றது. 2002இல் அமெரிக்காவின் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

2010இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றுக்காக விளாடே திவாத்ஸ் நெடுங்காலத்துக்குப் பின் ஸாக்ரெப் சென்றார். தெருவில் சிலர் அவரை அடையாளங்கண்டு முகஞ்சுளித்தனர். பெட்ரோவிச்சின் தாயாரும் தமையனாரும் அவரை வரவேற்று அமர்த்திப் பேசினர். பின்னர் அவர் மிரோகோய் இடுகாட்டுக்குச் சென்று, இருவரும் சேர்ந்து நின்ற பழைய ஒளிப்படம் ஒன்றை நண்பரின் கல்லறைமீது வைத்தார்.