கதிரவனின் காந்தத்தைக் கண்டவர்

ஒளியைக்கொண்டே காணமுடியாததை அறிந்த பெருமைக்காக ஜோர்ஜ் எலரி ஹேலை நான் பெரிதும் போற்றுகிறேன். 1868இல் சிக்காக்கோவிற் பிறந்த அவர், 1904இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் வானாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். காந்தப் புலம் நிறமாலைக் கோடுகளைப் பிளக்கும் என்பதை டச்சு அறிஞர் சீமன் 1896இல் காட்டியிருந்தார். சூரியனின் கரும்புள்ளிகளிலிருந்து வரும் ஒளியில் அப்பிளவை 1908இல் ஹேல் கண்டார். அப்புள்ளிகளின் காந்தப் புலம் பூமியினதிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வலியது என்பது அன்று புலனாயிற்று. பூமிக்கு அப்பால் காந்தப் புலம் அறியப்பட்டது அதுவே முதன்முறை.

நரம்புத் தளர்ச்சி அவரை வாட்டியது. 1923இல் பணிப்பாளர் பதவியைத் துறந்தார். ஆயினும் பசடீனாவில் தாம் அமைத்த ஆய்வுகூடத்தில் சூரியனை ஆராய்வதை விட்டாரல்லர். 1938இல் மறைந்தார்.

கரும்புள்ளிக்கு மேலே, பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய ஒளிவளையத்தில், நிறமாலைக் கோடுகள் அகன்றுவிடுவதால் பிளவைக் காண்பது அரிது. ஆனால் அங்கே காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழலும் இலத்திரன்கள் நுண்ணலைகளை வீசுகின்றன. புலம் வலுக்க வலுக்கச் சுழற்சி விரையும், அலையும் குறுகும். ஆதலால் 6 சதமமீற்றர் அலையை ஏற்கும் வானொலித் தொலைநோக்கி, ஏறக்குறைய 600 கவுஸ் வலிமையுள்ள புலம் எங்குளது என்பதைக் காட்டவல்லது. அக்கருவியை ஹேல் கண்டதில்லை. எனினும், அவர் தொடங்கிய தேடலையே அது தொடர்கிறது என்பேன்.