மொடக்குறிச்சி மண்ணில் பிறந்த குழந்தைகள் எழுத்தாளர் பெரியசாமித் தூரன்



நம்ம குழு நோட்டுல வாராவாரம் ஏறுற சேமிப்பு சின்னத் தொகைதான். வருசம் கழிச்சுக் கூட்டிப் பார்க்கும்போதுதான் அதோட அருமை தெரியும். அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தமிழுக்கே பெரிய சொத்து வச்சுட்டுப் போனவர் நம்ம பக்கத்துல ஒருத்தர் இருந்தாருங்க.

ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் 1908 செப்டம்பர் 26 அன்று பிறந்தார் பெரியசாமித் தூரன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தார். 1931-இல் பகத்சிங்கைத் தூக்கிலிட்ட செய்தி வந்தது. மனம் வெறுத்துப்போய், கடைசிப் பரீட்சையை எழுதவே மறுத்துவிட்டார். அன்றைக்குக் கிராமத்திலிருந்து ஒரு பையன் காலேஜ் போவதே பெரிய காரியம். அதையே விட்டுக்கொடுத்தார் என்றால் அந்த மனசை நினைச்சுப் பாருங்க.

அப்புறம் ஆசிரியரானார். கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் பல வருசம் பாடம் சொல்லிக்கொடுத்தார். குழந்தைகளுக்காக மாயக்கள்ளன், சூரப்புலி, கொல்லிமலைக் குள்ளன் என்று கதைகள் எழுதினார். குழந்தைகளின் மனசைப் பெரியவர்கள் புரிந்துகொள்ளவும் புத்தகம் எழுதினார். நாடகம் எழுதினார். நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள் இயற்றினார். முருகா முருகா என்றால் என்று கச்சேரிகளில் பாடுகிறார்களே, அது இவர் பாட்டுத்தான்.

1948-இல் பெரிய பொறுப்பு வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், எல்லாத் துறை அறிவையும் தமிழிலேயே தரும் கலைக்களஞ்சியம் கொண்டுவர முடிவு செய்தது. அதற்கு முதன்மை ஆசிரியர் தூரன். அறிஞர்கள் பலரிடம் கட்டுரை வாங்கி, திருத்தி, அச்சுக்குக் கொடுக்க வேண்டும். முதல் தொகுதி வர 1954 ஆனது. பத்தாவது தொகுதி 1968-இல் வந்தது. இருபது வருச உழைப்பு! அதோடு ஓய்ந்தாரா? இல்லை. குழந்தைகளுக்கென்றே தனியாக இன்னொரு கலைக்களஞ்சியம், அதுவும் பத்துத் தொகுதி, 1976-க்குள் முடித்துக் கொடுத்தார். 1968-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1987 ஜனவரி 20 அன்று காலமானார்.

இவர் செய்த இன்னொரு வேலை நமக்கு ரொம்ப நெருக்கமானது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஜனங்கள் வாய்வழியாகப் பாடிவந்த நாட்டுப் பாடல்களைச் சேகரித்து, காற்றில் வந்த கவிதை என்று புத்தகமாக்கினார். தொட்டிலாட்டும்போதும் நாற்று நடும்போதும் பாடுற பாட்டை யார் பெருசா நினைச்சாங்க? பத்துத் தொகுதிக் களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்த மனுசன் அதையும் அறிவுன்னு மதிச்சாருங்க.

நம்ம ஆத்தா, அப்பத்தா பாடின தாலாட்டுல எத்தனை நமக்கு முழுசாத் தெரியும்? அவங்க போனா பாட்டும் அவங்களோடயே போயிரும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு பாட்டோ கதையோ கேட்டு, படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லிக் கொண்டுவாங்க. சேமிப்பு நோட்டு மாதிரி, குழுவுக்கு ஒரு பாட்டு நோட்டும் இருக்கட்டும்.