அரையாடையும் அரண்மனையும்

நுவரெலியாவில் 1876ஆம் ஆண்டு வெள்ளைத் துரைமார் நிறுவிய ஹில் கிளப்பில், இரவு உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே வருதல் வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. புகழ்பெற்றோரும் இத்தகைய விதிக்கு உட்பட வேண்டுமா என்று எண்ணுந்தோறும், காந்தியடிகளின் வாழ்க்கையே எனக்கு விடை கூறுகின்றது.

1888இல் கல்வியின் பொருட்டு இலண்டன் சென்ற இளைஞர் காந்தி, ஆங்கில உடையை விரும்பி அணிந்தவர். 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணித்தபோது, மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு பெறுகையில், மன்றத்தின் முறைக்கு இணங்கி அதனைக் கழற்றினார். 1921 செப்டெம்பரில், மதுரையில், ஏழை உழவரின் அரையாடையைத் தமதாக்கிக் கொண்டார். அக்கோலத்திலேயே 1927 நவம்பரில் நம் மலைநாட்டுக்கு வந்தார். 1931இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரையும் கண்டார்.

அரண்மனை அவருக்காக விதியைத் தளர்த்தியது. அதே அரையாடையுடன் தோட்டத் தொழிலாளி ஒருவன் சென்றிருந்தால் கதவு திறந்திருக்குமா? புகழுக்கு மட்டும் வளையும் விதி நீதியன்று. தூய்மையும் அடக்கமுமே நோக்கமெனின், விதி நடிகருக்கும் அமைச்சருக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாகட்டும். வேட்டியும் சேலையும் அதனுள் அடங்கட்டும். எளியோரை விலக்குவதே நோக்கமெனின், அவ்விதி எவருக்குமே வேண்டுவதில்லை.