டிப்ளமோ படித்த ஒரு விஞ்ஞானி



போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டச் சரிவில் ஒரு தொழிலாளி மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்கிறார். அந்த முதல் சில வினாடிகளுக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? காலையில குடிச்ச கஞ்சியிலிருந்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் கஞ்சி சக்தியாக மாற நேரம் வேண்டாமா? அதுவரை தாங்குவதற்குத் தசைக்குள்ளேயே ஒரு கையிருப்பு இருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம்ம பழைய சென்னை மாகாணத்துக்காரர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இன்று ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ல் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான், சென்னையில், தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கைக்கு வரவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோய்விட்டது.

1922-ல் பாஸ்டனில் போய் இறங்கினார். அங்கே படித்தது வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ. ஆமாம், டிப்ளமோதான்! செலவுக்கு ஒரு மருத்துவமனையில் இரவு வேலை. நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவதும் அதில் அடக்கம். அப்படியே ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார்.

இருவரும் 1925-ல் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசலில் நீல நிறம் வரவழைத்து, அந்த நிறம் எவ்வளவு அழுத்தமோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தசைச் சாற்றை வைத்து அளந்தபோது நீலம் உடனே வரவில்லை, மெல்ல மெல்ல ஏறியது. ரீடிங் சரியில்லை என்று நாமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுத்திருப்போம்! அவர்கள் அந்தத் தாமதத்துக்கே காரணம் தேடினார்கள். எளிதில் உடையும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் உள்ளே இருப்பது 1927-ல் தெரிந்தது. 1929-ல் அடினோசின் டிரைபாஸ்பேட்டும் அகப்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டார்.

இந்த டிரைபாஸ்பேட் ஒரு நியூக்ளியோடைடு. தசை சுருங்கும்போது அது ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட் ஆகிவிடும். கையில் இருப்பதோ ஓரிரு வினாடிக்குத்தான் காணும். அப்போது கிரியேட்டின் கைனேஸ் என்ற என்சைம் வேலையில் இறங்குகிறது. பாஸ்போகிரியேட்டினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி டைபாஸ்பேட்டில் மாட்டி, மறுபடி டிரைபாஸ்பேட் ஆக்குகிறது. இந்த வினையை 1934-ல் விளக்கியவரும் லோமான்தான். இன்ஜின் ஓடத் தொடங்கும்வரை பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்றுகிற மாதிரி, கஞ்சியின் சக்தி வந்து சேரும்வரை சுமார் பத்து வினாடிக்கு இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும். தசை சேதமானால் இதே கைனேஸ் ரத்தத்தில் கசியும். இன்றும் அதை அளந்துதான் டாக்டர்கள் சேதத்தைக் கணிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி இல்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய், அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசைன், ஆரியோமைசின் ஆகியவையும் அவர் தலைமையில் வந்தவை. ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தால் செல்களுக்குப் புது நியூக்ளியோடைடு கிடைக்காது, பெருகவும் முடியாது. அந்த வழியில் அவர் குழு தந்த அமினோப்டெரினைத்தான் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். பின்னால் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. மனைவியை விட்டுப் போனவர் ஊர் திரும்பவே இல்லை. போன பிறகு பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்தான். அவன் முகத்தை இவர் பார்த்ததில்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமானார். 1995-ல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே! "டிப்ளமோதானே" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் மனசு சுருங்க வேண்டாம். சான்றிதழில் குறைந்தது அவருக்கு அளவெடுப்பதில் குறையவில்லை. நம்ம லேபில் ரீடிங் ஒத்துவராத அன்று, பக்கத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதாமல், ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு நிமிடம் கேட்போம். சுப்பாராவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.